கட்டையில் பாதி, காதில் பாதி

செஞ்சியில் நின்றுகொண்டு ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்களைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கத் தோன்றும், கேட்கவும் வேண்டும். அதற்குக் காரணம் இந்த ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஓர் இளைஞன். ஆவணங்களில் தேஜ்சிங் என்றும் நம் மக்கள் வாயில் தேசிங்கு என்றும் வழங்கும் அவன், தந்தை சொரூப்சிங் இறந்த பிறகு சில மாதங்களே இக்கோட்டையைக் கையில் வைத்திருந்தான். 1714ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி மாண்டான். அவனுக்கு முன்னும் பின்னும் இங்கே கொடியேற்றிய நாயக்கர், பீஜப்பூரார், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர் ஆகியோரில் ஒருவர் பெயரும் சொல்லத் தெரியாதவர்கூடத் தேசிங்கைத் தெரியும் என்பார். தெரியும் என்று சொல்லும்போது அவர் மனத்தில் எழுவது ஒரு முகம் அன்று. முன்கால் தூக்கிய ஒரு குதிரையும் அதன்மேல் வாளேந்திய ஒருவனுமே. அந்தப் படம் எங்கிருந்து வந்தது, அத்தனை குறைந்த கோடுகளில் அது எப்படி ஒரு முழுக் கதையையும் இழுத்து வருகிறது என்பதே இன்றைய பொருள். படத்துக்கும் இலக்கியத்துக்கும் உள்ள இந்த உறவுக்கு தேதியோடும் பெயரோடும் மிகுந்த சான்று கிடைக்கும் இடம் ஜப்பான். அதனால்தான் அவ்வளவு தூரம் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது.

முதலில் நம்முடையதைப் பார்ப்போம். தேசிங்குராசன் கதை பாடப்பட்டுப் பிறகு அச்சேறிய கதைப்பாடல். அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, நல்லதங்காள் கதை, மதுரைவீரன் கதை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்து விற்கப்பட்ட பெரிய எழுத்துப் புத்தகம். இந்தியர் அச்சகம் வைத்து நடத்த இருந்த கட்டுப்பாடுகள் 1835இல் விலகிய பிறகு சென்னையில் பெருகிய மலிவுப் பதிப்புத் தொழிலின் பிள்ளை அது. குஜிலிக் கடைத்தெருவிலும் ஊர்ச் சந்தையிலும் தேர்த்திருவிழாக் கடையிலும் விரித்துப் போட்டு விற்ற சரக்கு. அச்சேற அது காத்திருந்த காலத்தையும் எண்ணிப் பார்க்கலாம். தேசிங்கு மாண்ட அதே 1714இல் தரங்கம்பாடி அச்சகத்தில் சீகன்பால்குவின் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பின் முதற்பகுதி வெளியாயிற்று. ஆனால் தமிழ் அச்செழுத்து இத்தகைய கதைப்பாட்டைத் தேடி வர இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தப் பெரிய எழுத்துப் புத்தகங்களுக்குள் மரக்கட்டையில் செதுக்கிய படங்கள் இருக்கும். தடித்த கோடு, நிழல் இல்லை, தூரம் இல்லை, ஒருவர் முகத்துக்கும் இன்னொருவர் முகத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒரு கதைக்குச் செதுக்கிய கட்டையை இன்னொரு கதைக்கும் எடுத்து வைத்துக்கொள்வது மலிவுப் பதிப்பு நடந்த நாடுகளிலெல்லாம் உள்ள வழக்கம். தமிழ்நாடு அதற்கு விலக்கன்று. குதிரைவீரன் ஒருவனின் கட்டை, மேலே போட்ட தலைப்பைப் பொறுத்து யாராகவும் ஆகலாம். இதைக் கண்டு ஏளனம் செய்வது எளிது. ஆனால் வாங்கியவர் யாரும் ஏமாறவில்லை. பாட்டை ஏற்கெனவே கேட்டிருந்தவர் அந்தக் குதிரையைத் தேசிங்கின் பாராசாரி என்றே பார்த்தார். டெல்லியில் யாராலும் ஏறமுடியாத குதிரையைச் சிறுவன் அடக்கிய நிகழ்ச்சி அவர் காதில் இருந்தது. கட்டையில் பாதிதான் இருந்தது. மீதியைப் பார்ப்பவர் கொண்டுவந்தார்.

இனி எடோ நகரத்துக்குப் போவோம். இன்றைய டோக்கியோவின் பழைய பெயர் அது. அங்கே சுசுகி ஹருனோபு என்ற ஓவியர் 1766ஆம் ஆண்டையொட்டி எட்டுத் தாள்கள் வரைந்தார். 'அறைக்குள் எட்டுக் காட்சிகள்' என்பது அவ்வரிசையின் பொருள். எட்டிலும் வீட்டு அறைக்குள் இருக்கும் பெண்கள். ஒருத்தி கோட்டோ என்ற நரம்பிசைக் கருவியை மீட்டத் தயாராகிறாள். ஒருத்தி கண்ணாடி முன் தலைவாரிக்கொள்கிறாள். ஓரிடத்தில் துண்டு காயப்போட்ட சட்டம். ஓரிடத்தில் மணியடிக்கும் கடிகாரம். ஓரிடத்தில் கொதிக்கும் கெண்டி. ஒன்றும் தெரியாமல் பார்த்தால் அழகான இல்லறக் காட்சிகள், அவ்வளவே. சீனத்தில் ஷியாவ், ஷியாங் ஆறுகள் பாயும் நிலத்தை எட்டுக் காட்சிகளாகப் பிரித்து வரைவதும் பாடுவதும் 11ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த மரபு. கரை திரும்பும் பாய்மரங்கள், இறங்கும் காட்டு வாத்துகள், தொலைவுக் கோயிலின் மாலை மணி, இரவு மழை, இலையுதிர்கால நிலா என்று அது போகும். ஜப்பானியர் அந்த எட்டையும் தங்கள் பீவா ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து பொருத்திக்கொண்டார்கள். ஹருனோபு ஏரியையும் விட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தார். காற்றில் படபடக்கும் துண்டுகள் பாய்மரங்கள் ஆயின. கோட்டோவின் நரம்புகளைத் தாங்கும் குதிரைகள் சாய்வாக நிற்கும் வரிசை, இறங்கும் வாத்துக் கூட்டம் ஆயிற்று. கடிகாரம் கோயில் மணி. கெண்டி கொதிக்கும் ஓசை இரவு மழை. வட்டக் கண்ணாடி நிலா. படத்தில் ஆறும் இல்லை, ஏரியும் இல்லை, பாட்டும் இல்லை. மூன்றும் பார்ப்பவர் மனத்தில் இருக்கின்றன என்ற நம்பிக்கையில் ஓவியர் அவற்றை விட்டுவிட்டார்.

சிலேடை படித்த தமிழருக்கு இது உடனே பிடிபடும். பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவுக்குள் அடக்கிய காளமேகத்தின் நினைவு வரும். ஆனால் ஒப்பிட ஏற்றது சிலேடை என்று எனக்குத் தோன்றவில்லை. சிலேடையில் இரண்டு பொருளும் சொல்லுக்குள் இருக்கின்றன. அகராதியும் பொறுமையும் இருந்தால் இரண்டையும் எடுத்துவிடலாம். ஹருனோபுவின் தாளில் ஒன்று இருக்கிறது, மற்றது இல்லை. இதற்கு நெருங்கியது தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் வரும் உள்ளுறை. நண்டும் நாரையும் மட்டும் பேசப்படும். தலைவனும் தலைவியும் கேட்பவரால் உணரப்படுவர். உள்ளுறைக்கு வேண்டியது திணை மரபு தெரிந்த செவி. அது இல்லாதவருக்கு நண்டு நண்டாகவே இருந்துவிடும்; பாட்டு கெட்டுப்போவதும் இல்லை, முழுமையாகத் திறப்பதும் இல்லை. அச்சுப்படத்தின் இலக்கியக் குறிப்பும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆகவே நாம் கேட்க வேண்டியது படத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, அந்தச் செவி எப்படி உண்டாயிற்று, யாருக்கு உண்டாயிற்று என்பதை.

அந்தச் செவி மேட்டுக்குடியின் தனிச்சொத்து என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் வலுவான சான்றும் இருக்கிறது. பல நிறக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் பதிக்கும் முறை எடோவில் 1765இல் நிலைபெற்றபோது அதற்குப் பணம் போட்டவர்கள் கவிதைக் குழுக்களில் கூடிய சாமுராய்களும் பணக்கார நகரத்தாருமே. ஆண்டின் எந்தெந்த மாதம் நீண்டது, எது குறுகியது என்ற எண்களை ஆடை மடிப்புக்குள் ஒளித்துவைத்த நாட்காட்டிப் படங்களை அவர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டார்கள். எட்டுக் காட்சிகளையும் அப்படிப்பட்ட ஒரு புரவலரே ஹருனோபுவிடம் வரையச் சொன்னார். ஆனால் வாதத்தை இங்கேயே நிறுத்திவிட்டால் கதை பாதியில் நிற்கும். பதிப்பாளர்கள் அதே கட்டைகளை எடுத்து, புரவலரின் பெயரை நீக்கிவிட்டுக் கடையில் விற்றார்கள். வாங்கியவருக்கு எட்டுக் காட்சி தெரியாது என்று நினைத்திருந்தால் எந்த வியாபாரி அதற்குக் காகிதம் செலவழிப்பான்? தெரிந்திருந்ததற்குக் காரணமும் வியாபாரமே. நரிஹிராவின் காதல் அலைச்சல்களைச் சொல்லும் இசே கதைகள் 1608இலேயே மரக்கட்டைப் படங்களோடு அச்சாகிவிட்டன. முரசாகி சீமாட்டி 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கெஞ்சி கதைக்கு (செஞ்சிக்கும் கெஞ்சிக்கும் ஓசை தவிர வேறு உறவில்லை) 1650இல் படங்களோடு ஒரு பதிப்பு, 1673இல் கிதாமுரா கிகினின் உரை, இடையிலும் பிறகும் எத்தனையோ சுருக்கங்கள். நூறு புலவர்களின் நூறு பாட்டு என்ற தொகுப்பு, புத்தாண்டில் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் ஆடும் சீட்டாட்டமாகவே ஆகிவிட்டது. முதல் பாதியைப் படித்தால் இரண்டாம் பாதியுள்ள சீட்டைத் தேடி எடுக்க வேண்டும். தோற்றுப் போகாமல் இருப்பதற்காகவே நூறு பாட்டையும் மனப்பாடம் செய்தார்கள். கெஞ்சியின் அத்தியாயங்களைக் குறிக்க ஐந்து செங்குத்துக் கோடுகளை மேலே வெவ்வேறு விதமாக இணைத்து உண்டாக்கிய 52 குறிகள், நறும்புகை விளையாட்டில் தொடங்கித் துணியிலும் கிண்ணத்திலும் ஏறின. ஒரு பெண் படத்தின் மூலையில் அந்தக் குறியில் ஒன்றை வைத்துவிட்டால் போதும், எந்த அத்தியாயம் என்று தெரிந்துவிடும். ஐம்பத்து நான்கு அத்தியாயமும் படித்தவருக்கு மட்டும் தெரியும் என்று சொல்ல முடியாது. படிக்காமலே தெரிந்துகொள்ள வழிசெய்ததுதான் மலிவு அச்சின் சாதனை. இதைக் குறையாகப் பேசும் பண்டிதர்கள் அங்கும் உண்டு, இங்கும் உண்டு.

இதற்கு எதிராக இன்னும் கூர்மையான கேள்வி ஒன்றைக் கேட்கலாம். எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்றால், ஓவியர் ஹொகுசாய் 1835ஐ ஒட்டித் தொடங்கிய பெரிய வரிசை ஏன் நடுவில் நின்றது? நூறு பாட்டுக்கும் நூறு படம் என்று திட்டம். தாதி ஒருத்தி பிள்ளைகளுக்கு அப்பாட்டுகளை விளக்குவதாகப் பாவனை. அவள் புரிந்துகொண்டது சில இடங்களில் கோணலாக இருக்கும், அந்தக் கோணலில்தான் சிரிப்பு. வெளிவந்தவை 27 தாள்கள். பஞ்ச காலம், தொடங்கிய பதிப்பாளரின் பண நெருக்கடி ஆகியவை சொல்லப்படும் காரணங்கள். அவற்றை ஒப்புக்கொண்டாலும், குறிப்பு மிகத் தொலைவுக்குப் போய்விட்டால் வாங்குபவர் பின்னாலேயே வரமாட்டார் என்ற ஐயத்தை நான் தள்ளிவிட விரும்பவில்லை. அந்தத் தாள்களில் சிலவற்றுக்கும் பாட்டுக்கும் என்ன தொடர்பு என்று இன்றும் அறிஞர்கள் வாதாடுகிறார்கள். ஆனால் இந்தச் சான்று என் கருத்தை உடைக்கவில்லை, அதற்கு ஓர் எல்லை போடுகிறது. தப்பாக விளக்கும் தாதியைக் கண்டு சிரிக்க வேண்டுமானால் சரியான விளக்கம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அப்படியொரு வேடிக்கைக்கு முதல்போட ஒரு பதிப்பாளர் முன்வந்தார் என்பதே, சரியான விளக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு அளவு.

இலக்கியக் குறிப்பு அழகுக்காக மட்டும் இருந்தால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. அது மறைவாகவும் பயன்பட்டது. ர்யூதெய் தனெஹிகோ என்ற எழுத்தாளர் 1829 முதல் கெஞ்சி கதையைக் காலமும் ஊரும் மாற்றித் தொடராக எழுதினார். குனிசாதா படம் வரைந்தார். ஊரே வாங்கிப் படித்தது. நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனின் மாளிகை அந்தப்புரத்தைத்தான் எழுதுகிறார் என்ற பேச்சு கிளம்பி, 1842இல் சிக்கனச் சீர்திருத்தத்தின் பேரால் அது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு அவர் இறந்தும் போனார். நடிகர், கணிகையர் படங்களுக்கும் அப்போது தடை வந்தது. ஓவியர்கள் குனியோஷி, ஹிரோஷிகே, குனிசாதா மூவரும் சேர்ந்து அடுத்த சில ஆண்டுகளில் நூறு புலவர் பாட்டையே தலைப்பில் வைத்து ஒரு வரிசை வெளியிட்டார்கள். மேலே புலவரும் பாட்டும். கீழே பழங்கதையிலிருந்து ஒரு காட்சி. அந்தக் காட்சியில் நிற்பவரின் மூக்கையும் தாடையையும் பார்த்தால் கபுகி மேடையின் இன்னார் என்று தெரியும். தணிக்கைக்காரருக்கு இலக்கியம், வாங்குபவருக்கு நடிகர். 1843இல் குனியோஷி வெளியிட்ட மூன்று தாள் படம் இன்னும் சிக்கலானது. பழைய வீரன் ரைகோ நோயுற்றுப் படுத்திருக்கிறான். அவனைப் பிடித்த மண்சிலந்தி பின்னால் வலை விரிக்கிறது. இருளில் பேய்ப்படைகள் தங்களுக்குள் மோதிக்கொள்கின்றன. எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் மக்கள் படுத்திருப்பவனை ஷோகனாகவும், ஒரு மெய்க்காவலனின் உடையில் இருந்த குலச்சின்னத்தைக் கொண்டு அவனைச் சீர்திருத்தம் கொண்டுவந்த அமைச்சர் மிசுனோவாகவும், பேய்களைத் தடைகளால் நொந்த தொழில்காரர்களாகவும் படித்தார்கள். படம் பரபரப்பாகப் பேசப்பட்டது. பதிப்பாளர் அஞ்சி, விற்காத தாள்களைத் திரும்பப் பெற்றுக் கட்டைகளையும் அழித்தார். குனியோஷி அந்த உட்பொருள் அத்தனையையும் கருதித்தான் வரைந்தாரா? அதற்கு விடை தேடுவதில் பயன் இல்லை. விளைவைக் கொண்டு பார்த்தால் பொருளை முடித்தவர்கள் எடோவின் தெருவில் நின்றவர்கள்.

இந்த இடத்தில் செஞ்சிக்குத் திரும்பலாம். இங்கிருந்து சிறிது தொலைவில் சிங்கவரம் குன்றில், பல்லவர் காலக் குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். போருக்குப் புறப்பட்ட தேசிங்கு விடைகேட்க வந்தபோது, இன்று போகாதே என்று தடுத்தும் கேளாததால் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஊரார் சொல்வார்கள். திருமுகம் திரும்பியிருக்கும் நிலையை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். தேசிங்கு பிறப்பதற்குப் பல நூற்றாண்டுக்கு முன் செதுக்கிய உருவம் அது. சிற்பி எதையும் குறிக்கவில்லை. ஆனால் பாட்டைக் கேட்டவர்கள் அந்தக் கல்லில் தேசிங்கின் சாவைப் பார்த்துவிட்டார்கள். பார்த்த பிறகு அது அங்கேயே இருந்துவிட்டது. கறாரான கலை வரலாற்றாளர் இதை இலக்கியக் குறிப்பு என்று ஏற்கமாட்டார். குறிப்பென்றால் செய்தவன் கருத்து வேண்டும் என்பார். அவர் சொல்வது ஒழுங்குக்காகச் சரி. இல்லாவிட்டால் எவரும் எதிலும் எதையும் காணலாம் என்றாகிவிடும். ஆனால் கருத்தை மட்டுமே கட்டுப்பாடாக வைத்தால் குனியோஷியின் படத்தையும் வெளியே தள்ள வேண்டிவரும். நான் வைக்கும் கட்டுப்பாடு வேறு: ஒரு பாடம் ஓர் ஊருக்குப் பொதுவாக இருக்க வேண்டும், படத்தைப் பார்ப்பவர்கள் ஒருவர்போல் மற்றவரும் அதை அதே இடத்தில் கொண்டுவந்து பொருத்த வேண்டும். சிங்கவரத்தில் அது நடக்கிறது. தனி மனிதர் கனவுக்கும் ஊர் அறிந்த குறிப்புக்கும் உள்ள கோடு இதுதான்.

கைத்திறன் பற்றிய தடையைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். செர்ரி மரத்தில் மயிரிழைக் கோடு செதுக்கிப் பத்துக்கு மேற்பட்ட கட்டைகளால் நிறமேற்றிய தாளையும், மலிவுக் காகிதத்தில் கறுப்பு மை அப்பிய குஜிலிப் படத்தையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்பது கேள்வி. கலைத்தரத்தில் வைக்க முடியாது. வைக்கவும் நான் வரவில்லை. ஹருனோபுவுக்கு நூறு ஆண்டுக்கு முன் எடோ படங்களும் கறுப்புக் கோடாகத்தான் இருந்தன என்பதை மட்டும் நினைவில் கொள்வது நல்லது. குறிப்பின் வேலைக்கு நிறம் தேவையில்லை. ஜப்பானிலும் பெரிய குறிப்புகள் சில மிகக் குறைந்த பொருளில் நடந்தன. இசே கதையில் நரிஹிரா எட்டுப் பலகைப் பாலம் அருகே நீல ஐரிஸ் பூக்களைக் கண்டு தலைநகரில் விட்டுவந்த மனைவியை நினைக்கிறான். பின்னால் வந்த ஓவியர்களும் கைவினைஞர்களும் நரிஹிராவையே எடுத்துவிட்டுப் பாலத்தையும் பூவையும் மட்டும் வைத்தார்கள். மையமான ஆள் இல்லாதபோது குறிப்பு இன்னும் கூர்மையாகிறது. நம் நாட்டு அச்சில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ரவிவர்மாவின் சகுந்தலை. முள் தைத்ததாகப் பாவனை செய்து காலைத் தூக்கித் திரும்பிப் பார்க்கிறாள். அவள் பார்க்கும் துஷ்யந்தன் படத்தில் இல்லை. காளிதாசனை நேரே படித்தவர் எத்தனை பேர்? 1894இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மாவின் கல்லச்சகம் அவர் ஓவியங்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தபோது, நாடகக் கொட்டகையிலும் கதாகாலட்சேபத்திலும் சகுந்தலையைக் கேட்டிருந்தவர்கள் இல்லாத அரசனை அங்கே நிறுத்திக்கொண்டார்கள்.

மிகக் கடுமையான தடை இனித்தான் வருகிறது. சகுந்தலையும் தேசிங்கும் கதையை விளக்கும் படங்கள். ஹருனோபு செய்தது அதுவன்று. அவர் ஒரு காலத்தின், ஒரு தரத்தின் பொருளை எடுத்து முற்றிலும் வேறான இன்னொன்றின்மேல் ஏற்றினார். பெருங்காவியத்தைச் சமையலறைக்கும், போதிசத்துவரைக் கணிகைக்கும் மாற்றிப் போடும் துணிச்சல் தமிழ் மரக்கட்டைப் படத்தில் எங்கே? பெரும்பாலும் இல்லை என்பதுதான் நேர்மையான விடை. தமிழ் மலிவு அச்சுப்படம் கதைக்கு அடையாளச் சீட்டாக நின்றுவிட்டது. ஆனால் அந்த மாற்றிப் போடும் புத்தி இந்த மண்ணில் இல்லை என்று அதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. இங்கே அது தாளில் நடக்கவில்லை, தரையில் நடந்தது. திரௌபதி அம்மன் வழிபாட்டின் நடுநிலம் செஞ்சி வட்டாரம். பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரிக் கோயிலை அதன் தாய்க்கோயிலாகக் கொள்வார்கள். ஆல்ஃப் ஹில்டபெய்டல் 1988இல் வெளியிட்ட திரௌபதி வழிபாட்டு ஆய்வின் முதல் தொகுதிக்குச் செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று துணைத்தலைப்பிட்டதற்குக் காரணம் உண்டு. இவ்வட்டாரத்தில் பாரதம் வேறு எங்கோ நடந்த கதையாக இருப்பதில்லை. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்ல, இரவில் கூத்தாடிகள் அதை ஆட, பனைபோல் நட்ட தபசு மரத்தில் அருச்சுனன் ஏற, கடைசி நாளில் ஊர் வெளியில் மண்ணால் துரியோதனனைப் பெரிதாகக் கிடத்திப் படுகளம் நடத்துவார்கள். வீமன் தொடையை அடிப்பதும் திரௌபதி கூந்தல் முடிப்பதும் அந்த மண்ணுருவின்மேல். செம்மண் வயலைக் குருக்ஷேத்திரமாகக் காண்பது, துண்டுச் சட்டத்தைப் பாய்மரமாகக் காண்பதைவிட எந்த வகையில் குறைந்த செயல்? அளவு பெரிது, கூட்டமும் பெரிது. பார்ப்பவரின் நினைவை நம்பி நிற்கும் முறை ஒன்றே.

இந்தப் பின்னணியைச் சேர்த்துக்கொண்டு தேசிங்கின் பாட்டைக் கேட்டால் அதிலும் ஒரு மாற்றிப் போடல் தென்படுகிறது. அரசனின் உயிர்த்தோழன் ஒரு முஸ்லிம் வீரன், பாட்டு மோவுத்துக்கான் என்று அழைக்கும் மகபத்கான். வழுதாவூரில் தன் கல்யாண மேடையிலிருந்து எழுந்து நீலவேணிக் குதிரையேறி நண்பனுக்காகச் சாக வருகிறான். திரௌபதி கோயில்களில் அம்மனுக்குக் காவலாக நிற்கும் முத்தாலு ராவுத்தனைத் தினமும் கண்ட மக்களுக்கு இந்தத் தோழன் புதியவனாகத் தெரிந்திருக்கமாட்டான் என்பது என் ஊகம். இளம் வயதில் பெரும்படைக்குள் புகுந்து மாளும் அரசனிடத்தில் அபிமன்யுவும், கல்யாணத்தை விட்டு வரும் தோழனிடத்தில் காவல் ராவுத்தனும் பின்னின்று பேசுகிறார்கள். இதைப் பாட்டுக் கட்டியவர் எண்ணிச் செய்தார் என்று நிறுவ முடியாது. கேட்டவர்கள் எந்தச் செவியோடு கேட்டார்கள் என்பதை நிறுவலாம். அந்தச் செவியைப் பழக்கியது இந்த வட்டாரத்தின் பதினெட்டு நாள் பாரதம். பெரிய எழுத்துப் புத்தகத்தின் சாதாரணக் குதிரைவீரன் படம் இந்த இரண்டு அடுக்கையும் தாங்கிக்கொண்டு நின்றது. அதைச் செதுக்கியவருக்கு அதற்குமேல் செதுக்கத் தேவை இருக்கவில்லை.

வரலாற்றாசிரியர்கள் பொறுமை இழக்கும் இடம் இது. தேசிங்கு நவாபுக்குக் கட்டவேண்டிய பாக்கியைக் கட்ட மறுத்த ஒரு கோட்டைத் தலைவன். சில நூறு குதிரைவீரரோடு போன ஓர் அவசரக்காரன். அவனைச் சுதந்திர வீரனாக்கியது பாட்டும் படமும் பிறகு 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படமும் என்பார்கள். மறுக்கவில்லை. சி. எஸ். ஸ்ரீனிவாசாச்சாரி 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்றிலேயே ஆவணத்தையும் கதைப்பாடலையும் பிரித்துக் கையாண்டிருக்கிறார். அந்த ஒழுங்கு போதும். ஜப்பானிலும் 1703இல் தலைவனுக்காகப் பழிவாங்கிய 47 சாமுராய்களை, அண்மைய நிகழ்ச்சியை மேடையேற்றக் கூடாது என்ற தடைக்கு அஞ்சி 14ஆம் நூற்றாண்டு மனிதர்களாக மாற்றி 1748இல் நாடகமாக்கினார்கள். அந்த நாடகம் நூறு ஆண்டுக்குமேல் அச்சுப்பட ஓவியர்களுக்குச் சோறு போட்டது. படங்களில் இருக்கும் பெயர் எல்லாம் பொய். வாங்கியவர் எல்லாருக்கும் உண்மைப் பெயர் தெரியும். வரலாறு என்ன நடந்தது என்று கேட்கட்டும். படம் பற்றிய ஆய்வுக்கு உரிய கேள்வி, பார்த்தவர் எதைத் தெரிந்து வைத்திருந்தார் என்பது.

அந்தக் கேள்விக்கு ஜப்பானியர் விடை சொல்ல முடிவதற்குக் காரணம் அவர்களுடைய தாள்களே. ஓவியர் கையெழுத்து, பதிப்பாளர் முத்திரை, 1790க்குப் பிறகு தணிக்கை முத்திரை எல்லாம் ஒரே தாளில் இருக்கின்றன. பல தாள்களை எந்த மாதம் வெளிவந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம். நம் பெரிய எழுத்துப் படங்களில் செதுக்கியவர் பெயரைக் காண்பது அரிது. பாட்டு மறந்தால் படம் ஊமையாகிவிடும் என்ற நிலையில், படத்தைப் பற்றிய ஆவணமும் நம்மிடம் இல்லை. ஆகவே செய்யவேண்டிய வேலை சற்றுச் சலிப்பானது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் உள்ள கதைப்பாடல் பதிப்புகளை எடுத்து, ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியே எண்ணிட்டு, எந்தக் குதிரைவீரன் எந்தெந்தக் கதைக்குள் போனான், கோட்டில் எங்கே விரிசல் விழுந்தது, எந்தப் பதிப்பு முந்தியது என்று அட்டவணை போட வேண்டும். கட்டை தேயத் தேயக் கோடு உடையும். தேதி இல்லாத பதிப்புகளை வரிசைப்படுத்த அந்த உடைசலே போதும். ஜப்பானிய அச்சுப்பட ஆய்வாளர்கள் முந்தைய பதிவையும் பிந்தைய பதிவையும் பிரிப்பது இப்படித்தான்.

இன்னொரு வேலை இந்த ஊருக்கே உரியது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மராத்தியர் படைநிலக் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டுக்கு வெளியே இருப்பவை பதினொன்று. செஞ்சி ஒன்றே இங்கே. அந்தப் பட்டியலில் பேசப்படும் செஞ்சி, எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய மராத்திய மன்னர் ராஜாராமின் செஞ்சி. அது நியாயமே. வருகிறவர்களுக்கு இராஜகிரியின் மதிலையும் கல்யாண மகாலையும் விளக்கப் பலகைகள் வரும். சிங்கவரத்துப் பெருமாளையும், கடலிக்கு அருகே போர் நடந்த வெளியையும், நீலாம்பூண்டியில் மகபத்கானுக்கும் குதிரைக்கும் உரியவை என்று மக்கள் காட்டும் சமாதிகளையும் எந்த அளவுகோலிலும் படைநிலம் என்று சொல்ல முடியாது. அவற்றுக்குப் பலகை எழுதுகிறவர் கதைப்பாடலைத்தான் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பதிப்பை வைத்துக்கொள்வது என்பதை, மேலே சொன்ன அட்டவணை முடிந்த பிறகு பேசலாம்.